கடைசி ரீல் அவள் பேசியதல்ல

வியாசர்பாடியில் ஏப்ரல் பதினாலாம் தேதி, அண்ணல் பிறந்தநாள் கூட்டத்துக்கு மைக் செட் கட்டினால், அதில் முதலில் கேட்கிற குரல் செங்கொடியுடையதாகத்தான் இருக்கும். பேச்சாளர்கள் வந்து சேரும்வரை கூட்டத்தைக் கலையாமல் உட்கார வைப்பது அவள் பொறுப்பு. கரண்ட் போய்விட்டால் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வெறும் தொண்டையால் அதே வேலையைச் செய்வாள். கடைசி வரிசையில் நிற்பவனுக்கும் சொல் சொல்லாகக் கேட்கும்.

ராயபுரத்தில் இறால் உரிக்கும் கம்பெனியில் அவளுக்குப் பத்து வருஷமாக வேலை. ஐஸ் உடைக்கும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிற ஷெட்டில், பக்கத்து மேஜைக்காரியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றாலும் மெஷினைத் தாண்டித்தான் சொல்ல வேண்டும். குரல் அங்கே வளர்ந்தது என்பாள் அவள். அப்பனிடமிருந்து வந்தது என்பான் அவள் கணவன் அசோகன். அவள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், சங்கத்தில் கோஷம் போட்டவர். பெண்ணுக்குப் பெயர் வைத்ததும் அந்தச் சூட்டில்தான். அசோகன் அதே துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தான்.

தொண்ணூற்றெட்டாம் வருஷக் கூட்டத்தன்று ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டு ஒருவர் ஸ்கூட்டரை ஓரங்கட்டினார். பெயர் சுப்புராயன். பெரம்பூரில் வீடு, சாலிக்கிராமத்தில் வேலை. வெளிநாட்டுப் படங்களைத் தமிழில் பேச வைக்கிற ஒரு டப்பிங் கம்பெனிக்குக் குரல் தேடிக் கொடுப்பவர். ஊர்வலம் கலைந்த பிறகும் அவர் நகரவில்லை. மேடைப் பக்கம் வந்து, சினிமாவில் பேச வருகிறாயா என்று செங்கொடியைக் கேட்டார்.

யாரோ டபாய்க்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அசோகன் அந்த ஆளை டீக்கடைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்து, ஊர், பேர், கம்பெனி எல்லாம் விசாரித்தான். முதல் நாள் சாலிக்கிராமத்துக்கு அவனும் கூடவே போனான்.

படத்துக்குத் தமிழில் 'நாகநதிப் புதையல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். காட்டாற்றில் முங்கிப்போன தங்கத்தைத் தேடி ஒரு வாத்தியார் போகிறார். அவரை ஓட்டைப் படகில் ஏற்றிக்கொண்டு போகிற படகுக்காரிக்குத் தமிழில் ரோசா என்று பெயர். வாத்தியாருக்கு வரைபடம் படிக்கத் தெரியும். ரோசாவுக்கு ஆற்றைப் படிக்கத் தெரியும். கதை அவ்வளவுதான். ரோசாவுக்குத்தான் குரல் வேண்டியிருந்தது.

எழுதிக் கொடுத்த தாளில், "ஐயா, இந்த நதியின் ஆழம் தங்களுக்குத் தெரியாது" என்று இருந்தது. செங்கொடி நாலு தடவை சொல்லிப் பார்த்தாள். நாலு தடவையும் நாக்கு முட்டியது. திரையில் ரோசா வாயை மூடிய பிறகும் இவள் பேசிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது தடவை தாளைக் கீழே வைத்துவிட்டு, "யோவ் வாத்யாரே, இந்தத் தண்ணி எம்மா ஆயம்னு ஒனக்கு இன்னா தெரியும்?" என்றாள். ரோசாவின் உதடு அச்சாக அதில் உட்கார்ந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

செங்கொடி ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். சினிமாவில் அவளுடைய பேச்சு யார் வாயில் வரும் என்று அவளுக்குத் தெரியும். ஜேப்படிக்காரன், குடிகாரன், சந்துமுனையில் கத்தியோடு நிற்கிறவன்.

"சிரிக்கிறதுக்கா சார் கூட்டாந்தீங்கோ?" என்று கேட்டாள்.

சுப்புராயன் மட்டும் சிரிக்கவில்லை. ரோசாதான் இந்தப் படத்துக்கே மூளை, வாத்தியார் சும்மா; ரோசா பேச்சைப் பார்த்து ஒருத்தனும் சிரிக்க மாட்டான், ரோசாவோடு சேர்ந்துதான் சிரிப்பான் என்றார். எல்லாவற்றையும் இப்படியே உன் பேச்சிலேயே சொல் என்றும் சொன்னார். அவள் ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

அவர் சொன்னது அப்போது உண்மையாகவே இருந்தது. சுங்கச்சாவடிப் பக்கத்துத் தியேட்டரில் படம் ஏழு வாரம் ஓடியது. முடிவில், தங்கப் பெட்டியை விடமாட்டேன் என்று வாத்தியார் தண்ணீருக்குள் மாட்டிக்கொள்வார். மேலேயிருந்து கயிற்றை வீசி ரோசா சொல்வாள்: "பொதையலு அங்கயே கெடக்கட்டும். மொதல்ல மன்சன் மேல வரணும்." அந்த இடத்தில் விசில் பறந்தது. துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே சரக்கு சரிந்தபோது ஒரு மேஸ்திரி அதையே சொன்னதாக அசோகன் வந்து சொன்னான். ஒரு சங்கக் கூட்டத்திலும் யாரோ அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார்கள். செங்கொடி காய்கறி வாங்கப் போனால் கடைக்காரர் "வா ரோசா" என்பார்.

படம் முடிந்து எழுத்துகள் ஓடும்போது அவள் உட்கார்ந்தே இருந்தாள். எல்லாம் இங்கிலீஷில் ஓடி முடிந்தது. தமிழில் பேசினவர்கள் பெயர் ஒன்றுகூட வரவில்லை. தியேட்டரைப் பெருக்க வந்தவர்கள் எழுப்பிய பிறகுதான் எழுந்து வந்தாள். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊருக்குத் தெரியுமே என்றிருந்தாள்.

மூன்று வருஷம் கழித்து, இரண்டாயிரத்தொன்றில், சுப்புராயன் திரும்ப வந்தார். இரண்டாம் பாகம் வந்துவிட்டது, ரோசாவும் இருக்கிறாள், உன்னை விட்டால் ஆள் கிடையாது என்றார். செங்கொடி அன்றே கம்பெனியில் லீவு சொன்னாள்.

இந்த முறை வேலை வேறு மாதிரி நடந்தது. முன்பு ரோசா வருகிற காட்சியை முழுசாகப் போட்டுக் காட்டிவிட்டுப் பேசச் சொன்னார்கள். இப்போது துண்டு துண்டாக, ஒரு வரிக்கு ஒரு துண்டு என்று ஓடியது. படம் வெளியே கசிந்துவிடும் என்ற பயத்தில் வெளிநாட்டுக்காரர்கள் இவ்வளவுதான் அனுப்புகிறார்கள் என்றார் சுப்புராயன். ரோசா யாரோடு பேசுகிறாள், எதற்குப் பேசுகிறாள் என்று செங்கொடி கேட்டுக் கேட்டுத்தான் பேசினாள்.

இரண்டாம் நாள் ஒரு வரி வந்தது. தாளைப் பார்த்துவிட்டு அவள் நிறுத்தினாள். ரோசா யாரோ ஒரு கோட்டுக்காரனிடம் வரைபடத்தைக் கொடுத்துவிட்டு, "வாத்யார் இன்னா, ஆறு இன்னா? எனக்குத் துட்டு வந்தா போதும்" என்கிறாள்.

"ரோசா இப்டி பேச மாட்டாளே சார்?"

"அது நடிப்பும்மா. வில்லனை நம்ப வைக்கிறா. கடைசில பாரு, எல்லாரையும் அவதான் காப்பாத்துவா."

செங்கொடிக்கு மனசே குளிர்ந்துபோனது. அப்படியானால் வில்லன் நம்பும்படியாகச் சொல்ல வேண்டும் அல்லவா. அவள் ஒன்றுக்கு மூன்று டேக் கொடுத்தாள். மூன்றாவதில், துட்டு என்ற வார்த்தையை நாக்கில் போட்டுச் சப்பிச் சொன்னாள். சபாஷ் என்றார் சுப்புராயன்.

கடைசி ரீல் இன்னும் வந்து சேரவில்லை, வந்ததும் ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்பினார். இரண்டு வாரமாகியும் ஆள் வரவில்லை. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் போன் போட்டாள். கடைசியில் வெறும் சண்டைதான், ரோசாவுக்குப் பேச்சே இல்லை என்று பதில் வந்தது.

படம் வருகிற வாரம் தியேட்டர் மேனேஜர் சௌக்கத் அலி ஒரு காரியம் செய்தார். வாசல் போஸ்டருக்குக் கீழே ஒரு பலகை வைத்து, 'நம்ம வியாசர்பாடி செங்கொடி குரலில்' என்று சிவப்புப் பெயின்டில் எழுதி வைத்தார். முதல் பாகம் அவருக்கு நன்றாக ஓடியிருந்தது. மரியாதை செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ரேஷன் கார்டுக்கும் கம்பெனிச் சம்பளச் சீட்டுக்கும் வெளியே செங்கொடி தன் பெயரை எழுத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பாள். திரும்பும்போது எதிர்ப்பக்கத்தில் இடம் பிடித்து மறுபடி பார்ப்பாள்.

வெள்ளிக்கிழமை மேட்னிக்குத் தெருவே கிளம்பியது. இறால் கம்பெனியிலிருந்து பக்கத்து மேஜை ஜஹானாரா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். அசோகன் டிரெய்லரை இன்னொருவனிடம் ஒப்படைத்துவிட்டு, தேய்த்த சட்டையில் வந்தான். நடுவில் நாலு வரிசை முழுக்க அவர்கள்தான்.

தொடங்கிய பத்தாம் நிமிஷமே தியேட்டரில் முணுமுணுப்பு. வாத்தியாராக வேறு யாரோ நடித்திருந்தான். பழைய வாத்தியாருக்கு இருந்த திருதிரு முழியும் பயமும் இவனிடம் இல்லை. தலைமுடி கலையாமல் முதலையோடு சண்டை போட்டான். போன படத்தில் ஆற்றுப் பாம்பைக் காட்டாமலே பயமுறுத்தியவர்கள் இதில் முழுசாகக் காட்டிவிட்டார்கள். அது சைக்கிள் டியூப் மாதிரி இருந்தது. இருந்தாலும் ரோசா வந்ததும் நாலு வரிசையும் எழுந்து கத்தியது. செங்கொடியின் குரல் தியேட்டர் முழுக்க நிறைந்தது. ஜஹானாரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கோட்டுக்காரன் வந்தான். ரோசா வரைபடத்தைக் கொடுத்தாள். துட்டு வந்தா போதும் என்றாள். சப்பிச் சொன்ன அந்தத் துட்டு தியேட்டர் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. விளக்கு போட்டார்கள்.

நாலு வரிசையும் திரும்பி அவளைப் பார்த்தது. இன்னாக்கா இது என்று ஒருத்தி கேட்டாள். செங்கொடி எழுந்து நின்று, பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "அவ டபாய்க்கிறா. கம்னு பாருங்கோ, கடைசில கீது." எல்லோரும் சமாதானமானார்கள். அசோகன் எல்லோருக்கும் முறுக்கு வாங்கி வந்தான்.

அதற்குப் பிறகு அவள் படத்தைப் பார்க்கவில்லை, ரோசாவை மட்டும்தான் பார்த்தாள். இதோ திரும்பப்போகிறாள், இந்தக் காட்சியில் திரும்பிவிடுவாள் என்று காத்திருந்தாள். வாத்தியாரைக் கட்டிப் போட்டபோது ரோசா இடுப்பில் கத்தியோடு பக்கத்தில் நின்றாள். கயிற்றை அறுக்கத்தான் நிற்கிறாள் என்று செங்கொடி நினைத்தாள். ரோசா அந்தக் கத்தியால் ஒரு பழத்தை நறுக்கித் தின்றாள்.

கடைசி ரீல் வந்தது. குகைக்குள் தண்ணீர் ஏறுகிறது. கட்டை அவிழ்த்துக்கொண்ட வாத்தியார், மேலே பாறையில் நின்று கையை நீட்டுகிறார். ரோசா தங்க மூட்டையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருக்கிறாள். கையைக் கொடு என்கிறார். கொடுக்க மாட்டேன் என்கிறாள். அப்புறம் அவள் முங்குகிறாள், முங்கும்போது கத்துகிறாள். "அய்யோ எந்துட்டு போச்சே, அடப் பேமானி, கய்தே, என் துட்டே" என்று இழுத்து இழுத்து, மூக்கால் அழுது, ஒவ்வொரு குமிழிக்கும் ஒரு வசவாக. தியேட்டர் விழுந்து விழுந்து சிரித்தது.

அது செங்கொடியின் குரல் இல்லை. அவளுடையதைப் போலவே செய்த வேறு குரல். அவள் சொற்களை எடுத்து, நீட்டி, நெளித்து, நொண்டவிட்ட குரல். திரும்பி அசோகனைப் பார்த்தாள். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

படம் அதோடும் விடவில்லை. வாத்தியார் புதையல் பெட்டியைத் திறந்தார். உள்ளே காலி. அடியில் ஒரு செப்புத் தகடு, அதில் வேறொரு நாட்டுக்கு வழி. மூன்றாம் பாகத்துக்குக் காசைக் கொண்டுவா என்று அர்த்தம். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தவர்கள் ஓவென்று கத்தினார்கள். யாரோ முறுக்குப் பொட்டலத்தைச் சுருட்டித் திரை மேல் எறிந்தார்கள்.

வெளியே வந்ததும், "இன்னா செங்கொடி, வாத்யார வித்தது போறாதுன்னு எங்களயும் வித்துட்டியே" என்றார் காய்கறிக் கடைக்காரர். விளையாட்டாகத்தான் சொன்னார். கடைசியில் பேசினது நான் இல்லை என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். ஒன் குரலு எங்களுக்குத் தெரியாதா என்றார்கள். பத்து வருஷமாக மேடைக்குக் கீழே உட்கார்ந்து கேட்டவர்கள் அவர்கள். வீட்டுக்கு வந்ததும் அசோகனிடம் நேராகக் கேட்டாள். பொய் சொல்லத் தெரியாதவன் அவன்.

"நா நீதான்னு நெனச்சேன்" என்றான்.

அந்த ஒரு சொல் அவளை உட்கார வைத்துவிட்டது. அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். சினிமாதானே, சத்தம் வேறு, முறுக்கு தின்றுகொண்டிருந்தேன் என்றான்.

மறுநாள் ஷெட்டில் இறாலின் தலையைக் கிள்ளிக்கொண்டே ஜஹானாரா மட்டும் தானாகச் சொன்னாள். "கத்தினது நீ இல்லல்ல? நீ கோவத்துல வார்த்தய இயுக்க மாட்ட. வெட்டிடுவ." செங்கொடி கையுறையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஐஸ் தண்ணீர் கண்ணில் பட்டுவிட்டது என்றாள்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறிச் சாலிக்கிராமம் போனாள். சுப்புராயன் அவளைப் பார்த்ததும் நாற்காலி போடச் சொன்னார், காபி சொன்னார். முகத்தில் சங்கடம் என்று ஒன்று இல்லை. அவள் உட்காரவில்லை. கடைசியில் பேசினது யார் என்று கேட்டாள். டிவியில் மிமிக்ரி செய்கிற ஒருத்தர், கெட்டிக்காரர் என்றார். ஆம்பளையா என்று கேட்டாள். ஆம்பளைதான், யாருக்காவது தெரிந்ததா பாரு என்று அவர் பெருமையோடு சொன்னார்.

கதை வெளிநாட்டுக்காரன் எழுதியது, ரோசாவைக் கெட்டவளாக்கியது நான் இல்லை என்று அவரே ஆரம்பித்தார். அது அவளுக்கும் தெரியும். அவள் கேட்க வந்தது வேறு.

"ரோசா நடிக்கிறான்னு எதுக்கு சார் சொன்ன?"

அவர் ஒளிக்க ஒன்றுமில்லாதவர் போலத்தான் பதில் சொன்னார். "அப்படிச் சொல்லலைன்னா நீ அதை அவ்வளவு நல்லாப் பேசியிருப்பியாம்மா?"

அதைப் பாராட்டாகத்தான் அவர் சொன்னார் என்பது அவளுக்குப் புரிந்தது. காபி வந்தது. அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

பஸ்ஸிலிருந்து வீட்டுக்குப் போகாமல் சுங்கச்சாவடியில் இறங்கினாள். ஈவினிங் ஷோவுக்குப் பத்துப் பதினைந்து பேர்தான் நின்றிருந்தார்கள். சௌக்கத் அலியிடம் பலகையில் இருக்கிற பெயரை எடுத்துவிடச் சொன்னாள். அவர் திகைத்தார். பலகை எழுதுகிற ஆள் ஊரில் இல்லை, படமே வியாழக்கிழமையோடு கிளம்பிவிடும், அதுவரை இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார்.

"வியாயக்கெயமை வரிக்கும் அந்தப் பேமானிப் பேச்சு என் பேர்ல ஓடணுமா பாய்?"

சௌக்கத் அலி உள்ளே போனார். சுவருக்கு அடித்து மிச்சமிருந்த வெள்ளைப் பெயின்டு டப்பாவைத் தேடி எடுத்துவந்தார். ஏணியை அவரே பிடித்துக்கொண்டார். செங்கொடி ஏறி, தன் பெயரின் மேல் பிரஷ்ஷை இழுத்தாள். சிவப்பு சீக்கிரம் மறையவில்லை. இரண்டு கை அடித்த பிறகும் ரோஸ் நிறத்தில் எழுத்து தெரிந்தது. மூன்றாவது கை அடித்தாள். டிக்கெட்டுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எதற்கு அழிக்கிறாள் என்று ஒருவன் கேட்க, படம் ஊத்திக்கொண்டதல்லவா, அந்த வெட்கம் என்றான் இன்னொருவன். அவள் இறங்கி வந்து, சேலையில் தெறித்திருந்த பெயின்டைப் பார்த்துவிட்டு, பாய்க்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு நடந்தாள்.

அடுத்த ஏப்ரலில் மைக் பிடிக்கக் கூப்பிட்டபோது தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டாள். வேறொரு பெண் பேசினாள். செங்கொடி கூட்டத்தின் கடைசியில் நின்று கேட்டாள். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. மூன்றாம் வருஷம் ஜஹானாராதான் சண்டை பிடித்து அவளை மேடைக்கு அனுப்பினாள். ஏறினாள், பேசினாள். குரலுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஆனால் கீழே யாராவது சிரித்தால், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று ஒரு நொடி நிறுத்திப் பார்க்கிற பழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. அது பிறகு போகவே இல்லை.

சுப்புராயன் இரண்டு தடவை ஆள் அனுப்பினார், ஒரு பேய்ப் படத்துக்கும் ஒரு குரங்குப் படத்துக்கும். முழுப் படத்தையும் முதலில் போட்டுக் காட்டட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று பதில் சொல்லி அனுப்பினாள். அப்படி யாருக்கும் காட்டுகிற வழக்கமில்லையாம். அதோடு நின்றுபோனது. நாகநதிக்கு மூன்றாம் பாகம் வரவே இல்லை.

இரண்டாயிரத்தாறில் ஒரு சாயங்காலம், தண்டையார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் அவரை எதிரில் பார்த்தாள். தலை நரைத்திருந்தது. கூட யாரோ ஒரு நண்பர். சுப்புராயனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். "இவங்கதான் நம்ம ரோசா" என்று நண்பரிடம் சொன்னார். "ரெண்டாம் பாகத்துல கடைசில தண்ணிக்குள்ள முங்கிக்கிட்டே கத்துவாங்க பாருங்க. டிவில எப்பப் போட்டாலும் எங்க வீட்ல எல்லாரும் சிரிப்பாங்க."

செங்கொடி அவர் முகத்தையே பார்த்தாள். கிண்டல் இல்லை. பொய்யும் இல்லை. அவர் மெய்யாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"அது நா இல்ல சார்" என்றாள். "ஆரு பேசுனதுன்னு ஒனக்குத் தெரியும்."

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். அப்படியா, நீங்க இல்லையா, இருக்காதே என்றார். நண்பர் சங்கடத்தோடு வேறு பக்கம் பார்த்தார். வியாசர்பாடி வண்டி வந்து நின்றது. அவள் ஏறி, பெண்கள் பக்கம் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வண்டி கிளம்பும்போதும் அவர் அங்கேயே நின்று யோசித்துக்கொண்டிருந்தார்.